இழுக்கிற பலம் வேறே, நிறுத்துகிற பலம் வேறே!

(டிராக்டரில் டிரெய்லர் பூட்டிப் பாரம் ஏற்றுவது பற்றி, பண்ணை வானொலிப் பேச்சு)



டிராக்டர் உழவுக்கு என்று வாங்கினாலும், வருஷத்தில் பாதி நாள் அது டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு ரோட்டில்தான் ஓடுகிறது. கரும்பு ஏற்ற, நெல் மூட்டை ஏற்ற, எரு அடிக்க, செங்கல் மணல் கொண்டுவர, குடிதண்ணீர் டேங்க் இழுக்க, எல்லாத்துக்கும் அதே டிராக்டர்தான். இதில் கிடைக்கிற வாடகைப் பணம்தான் பலபேருக்கு பாங்க் கடன் தவணை கட்ட உதவுகிறது. ஆகவே ஒரு நடைக்கு இரண்டு டன் கூட ஏற்றினால் லாபம்தானே என்று நினைப்பது இயற்கை.

“ஏத்துப்பா, இன்னும் ஏத்து. இது நாப்பத்தஞ்சு குதிரை சக்தி வண்டி, மலையையே இழுக்கும்” என்று களத்துமேட்டில் நின்று சொல்லுகிறவர் உண்டு. அவர் சொல்லுவது பொய் இல்லை. இழுக்கும். முதல் கியரில் போட்டால் ஏற்றின பாரத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்துவிடும். ஆனால் நாம் கேட்கவேண்டிய கேள்வி அது அல்ல. இழுத்துக்கொண்டு போன பாரத்தை, வேண்டிய இடத்தில் நிறுத்த முடியுமா? இதுதான் கேள்வி. இழுக்கிற பலம் வேறே, நிறுத்துகிற பலம் வேறே. இழுக்கிற பலம் இன்ஜினில் இருக்கிறது. நிறுத்துகிற பலமோ பிரேக்கிலும், ரோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிற டயரிலும் இருக்கிறது. இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

முதலில் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரணமாக நம் ஊர்களில் ஓடுகிற டிராக்டரின் எடை சுமார் 2,000 கிலோ, அதாவது இரண்டு டன். காலி டிரெய்லர் ஒன்றரை டன் அளவில் இருக்கும். அதிலே ஐந்தரை டன் கரும்பு ஏற்றினால் டிரெய்லரும் பாரமும் சேர்ந்து ஏழு டன். இரண்டு டன் வண்டி ஏழு டன்னை இழுத்துக்கொண்டு போகிறது. லாரியில் பாரம் அந்த லாரியின் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறது. டிராக்டரில் அப்படி இல்லை. பாரம் பின்னாலே தனியாக வருகிறது. பிரேக்கோ பெரும்பாலும் டிராக்டரின் இரண்டு பின்சக்கரத்தில் மட்டும்தான்.

ஏற்றுகிற பொருளின் எடையைக் கண்மதிப்பில் முடிவு செய்யாதீர்கள். சில கணக்குகளை மனசில் வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே 5,000 லிட்டர் டேங்கில் தண்ணீர் மட்டுமே ஐந்து டன். டேங்கின் எடையும் டிரெய்லரின் எடையும் தனி. நாற்பது கிலோ நெல் மூட்டை நூறு ஏற்றினால் நாலு டன். மூன்று கிலோ செங்கல் ஆயிரம் ஏற்றினால் மூன்று டன். நூறு கன அடி மணல் நாலரை டன்னுக்குக் குறையாது, ஈர மணல் என்றால் இன்னும் கூடும். மணல் பெட்டியில் பாதிதான் தெரிகிறதே என்று கூட்டிப் போட்டால், அச்சுதான் பதில் சொல்லும்.

பக்கத்தில் எடைமேடை இருந்தால், ஒருதரம் காலி டிரெய்லரையும், வழக்கமாக ஏற்றுகிற பாரத்தோடும் எடை போட்டு ஒரு சீட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிரெய்லரின் ஆர்.சி. புத்தகத்தில் எவ்வளவு எடைக்குப் பதிவாகியிருக்கிறது என்பதையும், டிராக்டர் கம்பெனி கொடுத்த கையேட்டில் எவ்வளவு இழுக்கலாம் என்று போட்டிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டிலே எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

நிறுத்துகிற கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல காய்ந்த தார் ரோடு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். குறுக்கே ஒரு ஆடு வருகிறது. கண்ணால் பார்த்து, காலைத் தூக்கிப் பிரேக்கில் வைக்க ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடியிலேயே வண்டி 8 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. டிரெய்லர் பூட்டாத வெறும் டிராக்டர் என்றால் இன்னும் 9 அல்லது 10 மீட்டரில் நின்றுவிடும். பிரேக் இல்லாத ஏழு டன் டிரெய்லர் பின்னாலே இருந்தால், அதே பிரேக்கைப் பிடித்தும் 27 மீட்டர் அளவுக்கு ஓடித்தான் நிற்கும். மொத்தத்தில் 35 மீட்டர். ஆடு தப்பாது.

அதே பாரத்தோடு 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால்? எல்லாம் சேர்த்து 11 மீட்டரில் நின்றுவிடும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பிரேக் பிடித்த பிறகு ஓடுகிற தூரம் பாதியாகக் குறைவதில்லை, நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வேகத்தை இரட்டித்தால் அந்தத் தூரம் நாலு மடங்காகிறது. செலவில்லாமல் நம் கையில் இருக்கிற ஒரே பிரேக் இதுதான், அதாவது மெதுவாகப் போவது.

இந்த எண்கள் பிரேக் நல்ல நிலையில் இருந்தால், டயரில் பட்டை தேயாமல் இருந்தால் வருகிற எண்கள். தேய்ந்த டயர், எண்ணெய் கசிந்த பிரேக், ஈர ரோடு என்றால் இன்னும் மோசம்.

இறக்கத்தில் என்ன நடக்கிறது?

கொல்லிமலை, கல்வராயன் மலைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மட்டும் சொல்லுவதாக நினைக்கவேண்டாம். ஏரிக்கரையிலிருந்து இறங்குகிற பாதையும், ஆற்றுப் படுகையிலிருந்து ஏறுகிற பாதையும் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் இறங்குகிற சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து ஒன்பது டன். அந்தச் சரிவில் ஒன்பது டன்னில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 900 கிலோ, எப்போதும் வண்டியைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் டிராக்டரின் பின்சக்கரம் காய்ந்த ரோட்டில் பிடிக்கக்கூடிய பிடி சுமார் 1,200 கிலோ. மிச்சம் 300 கிலோதான் வண்டியை நிறுத்த உதவும். மழை பெய்து சேறாகிவிட்டால் அந்தப் பிடி பாதியாகி 600 கிலோ ஆகிவிடும். தள்ளுகிற பலம் 900, பிடிக்கிற பலம் 600. சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். எவ்வளவு கெட்டிக்கார டிரைவராக இருந்தாலும், அந்த இடத்தில் அவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அவர் செய்யவேண்டியதை எல்லாம் இறக்கத்தின் உச்சியிலேயே செய்திருக்கவேண்டும்.

என்ன செய்யவேண்டும்? இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, சின்ன கியரில் போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறமுடியுமோ அந்தக் கியரில்தான் இறங்கவேண்டும் என்பது ஒரு நல்ல பழக்கம். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வரும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவதும், கிளட்சை மிதித்தபடி இறக்குவதும் உயிருக்கு உலை வைக்கிற காரியம். நியூட்ரலில் வேகம் பிடித்துவிட்டால், மறுபடி கியர் விழாது. கடகடவென்று சத்தம்தான் கேட்கும். அதற்குள் டிரெய்லர் முன்னாலே தள்ள ஆரம்பித்துவிடும்.

டிரெய்லர் மடங்குவது ஏன்?

சில விபத்துகளில் டிராக்டர் ஒரு பக்கமும் டிரெய்லர் ஒரு பக்கமுமாக, பேனாக்கத்தியை மடக்கினது போலக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். பிரேக் முன்னாலே இருக்கிற டிராக்டருக்கு மட்டும் பிடிக்கிறது. பின்னாலே வருகிற ஏழு டன்னுக்கு நிற்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது நேரே வந்தபடி டிராக்டரின் முதுகைத் தள்ளுகிறது. ரோடு நேராக இருந்தால் தள்ளுவதோடு போகும். வளைவில் இருந்தால் டிராக்டரின் பின்பக்கத்தைக் குறுக்கே தள்ளி மடக்கிவிடும், கவிழ்த்தும்விடும். ஆகையால் வளைவில் பிரேக் பிடிக்கக்கூடாது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு திரும்பவேண்டும்.

இதிலே இன்னொரு முக்கியமான விஷயம். டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் பெடல் இருக்கிறது. வயலில் குறுகலாகத் திருப்புவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க ஒரு கொண்டி இருக்கும். உழவு முடிந்து ரோட்டில் ஏறும்போது அந்தக் கொண்டியைப் போடவேண்டும். போடாமல் விட்டால், அவசரத்தில் கால் ஒரு பெடலில் மட்டும் படும். ஒரு சக்கரம் மட்டும் நிற்கும். பாரத்தோடு இருக்கிற வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்று விழும். ஒரு நிமிஷ வேலை. கொண்டியை மாட்டிவிட்டுத்தான் ரோட்டில் ஏற வேண்டும் என்று டிரைவருக்கு கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

முன்பாரம், பின்பாரம்

நம் பெரியவர்களுக்கு மாட்டு வண்டியில் பாரம் ஏற்றத் தெரியும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இழுக்கும். முன்பாரம் அதிகமானால் மாடு கழுத்து அமுங்கி நடக்கமாட்டாமல் நிற்கும். ஆகவே பாரத்தை அச்சுக்கு நேரே ஏற்றி, கொஞ்சம் மட்டும் முன்னாலே சாயவிடுவார்கள். ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்துச் சரிபார்ப்பார்கள். இந்த அறிவை டிராக்டர் வந்தவுடன் மறந்துவிட்டோம்.

இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே விதிதான். பாரம் எல்லாம் பின்னாலே போனால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரத்துக்கு இருக்கிற கொஞ்சநஞ்சப் பிடியும் குறையும். டிரெய்லர் வாலை ஆட்டிக்கொண்டு வரும். பாரம் எல்லாம் முன்னாலே வந்தாலோ, கொக்கியை அழுத்தி டிராக்டரின் மூக்கைத் தூக்கும். மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் மிதக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருந்தால்தான் வண்டி சொன்ன பேச்சுக் கேட்கும். கம்பெனி கொடுக்கிற முன் எடைக் கட்டிகளை மாட்டுவது இதற்காகத்தான். அழகுக்கு இல்லை.

இரண்டு சக்கர டிரெய்லரில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் வருகிறாற்போல் ஏற்றினால் நல்லது. நாலு சக்கர டிரெய்லரில் முன் அச்சே பாரத்தைத் தாங்கிக்கொள்ளுகிறபடியால் கொக்கியில் எடை அதிகம் வராது. ஆனால் அதைப் பின்னாலே எடுப்பது கஷ்டம்.

மூட்டையோ கல்லோ, கனமானதைத் தரைமட்டத்தில் வைத்து, லேசானதை மேலே வையுங்கள். வைக்கோலும் கரும்பும் எடையில் குறைவாகத் தெரிந்தாலும் உயரத்தில் மோசம் செய்யும். வண்டி ஒரு பக்கம் பள்ளத்தில் இறங்கினால், உயரமான பாரம் அந்தப் பக்கமே சாய்க்கும். தண்ணீர் டேங்க் என்றால் முழுக்க நிரப்புங்கள், இல்லையேல் முழுக்கக் காலி செய்யுங்கள். பாதித் தண்ணீர் திருப்பத்தில் ஒரு பக்கமாக அலைமோதி வண்டியைச் சாய்த்துவிடும்.

வெளிநாட்டிலும் இதே கணக்குத்தான்

இது ஏதோ நம் ஊர் டிராக்டருக்கு மட்டும் உள்ள தொல்லை என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறவர்கள், படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ள ஒரு வீட்டையே சக்கரத்தின் மேல் கட்டி, பெரிய காருக்குப் பின்னாலே பூட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். முப்பது அடி நீளம் உள்ள அந்த மாதிரி வீடு, சாமான்களோடு மூன்றரை டன் அளவுக்கு வரும். இழுக்கிற கார் அதைவிட எடை குறைந்தது. அங்கேயும், “என் கார் இன்ஜின் பெரிது, எதையும் இழுக்கும்” என்று சொல்லி ஏமாறுகிறவர்கள் உண்டு.

அவர்கள் கண்ட பாடம் என்ன? வீட்டு எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரைக்கும் கொக்கியில் இருக்கவேண்டும் என்கிறார்கள். குறைந்தால் பின்னாலே வருகிற வீடு பாம்பு நெளிவது போல ஆட ஆரம்பித்து, காரையே கவிழ்த்துவிடும். மூன்றரை டன்னுக்கு அது 350 முதல் 525 கிலோ. அந்த எடை காரின் முதுகில் உட்காருகிறது. ஆகவே காரில் உட்காரும் ஆட்களையும் மூட்டை முடிச்சுகளையும் அதோடு கூட்டிப் பார்த்து, கார் தாங்குமா என்று கணக்குப் போடவேண்டும். இழுக்கிற அளவு மிச்சம் இருந்தாலும், தாங்குகிற அளவு அதற்கு முன்னாலேயே தீர்ந்துபோகும்.

அதைவிட முக்கியம், அந்த வீட்டின் சக்கரங்களுக்கே தனிப் பிரேக் இருக்கிறது. டிரைவர் பிரேக்கை மிதித்தவுடன் மின்சாரம் போய் பின்னாலே இருக்கிற சக்கரத்தையும் பிடிக்கும். வீடு ஆட ஆரம்பித்தால், காரின் பிரேக்கை மிதிக்காமல் வீட்டின் பிரேக்கை மட்டும் கையால் போட ஒரு பொத்தான் உண்டு. பின்னாலே இருப்பது இழுத்துப் பிடித்தால் வண்டி நேராகிவிடும். கொக்கி கழன்றுபோனால் தானாகப் பிரேக் பிடிக்கிற ஏற்பாடும், அதற்கு மேலே இரண்டு சங்கிலியும் உண்டு. பணக்காரர் விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிடவேண்டாம். பொழுதுபோக்குக்கு இழுக்கிறவன் இவ்வளவு பார்க்கிறான். பிழைப்புக்கு இழுக்கிற நாம் இன்னும் அதிகம் பார்க்கவேண்டாமா?

டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும்

மேலே சொன்ன 30 கிலோமீட்டர் கணக்கில், டிரெய்லர் சக்கரத்துக்கும் நல்ல பிரேக் இருந்திருந்தால், பிரேக் பிடித்த பிறகு 27 மீட்டருக்குப் பதிலாகப் பத்து மீட்டருக்குள் நின்றிருக்கும். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் ஒரு உயிர் அந்தப் பதினேழு மீட்டரில் இருக்கிறது.

புது டிரெய்லர் செய்யச் சொல்லும்போது பட்டறையில் பெயின்ட் என்ன கலர், பக்கப்பலகை எவ்வளவு உயரம் என்று பேசுகிறோம். பிரேக் உண்டா என்று கேட்கிறோமா? முதலில் அதைக் கேளுங்கள். சில டிராக்டர்களில் டிரெய்லர் பிரேக்குக்கு என்று பின்னாலே குழாய் மாட்ட வசதி இருக்கிறது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய டிரெய்லரில் பிரேக் இருந்து, கம்பி அறுந்து கிடந்தால் சரி செய்யுங்கள். பிரேக் இல்லாத டிரெய்லர்தான் கைவசம் இருக்கிறது என்றால், பாரத்தைக் குறைத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள்.

கொக்கியும் ஆணியும்

டிரெய்லரை டிராக்டரோடு சேர்க்கிறது ஒரே ஒரு பின். ஏழு டன்னும் அதன் மேல்தான் தொங்குகிறது. அந்தப் பின் காணாமல் போய்விட்டது என்று கட்டடக் கம்பியை வெட்டிச் செருகி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பி தேயும், வளையும், ஒருநாள் மேட்டில் முறியும். டிரெய்லர் பின்னாலே ஓடும்போது அங்கே யார் நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனி பின்னையே போட்டு, அது மேலே எழும்பாமல் இருக்கச் சிறிய பூட்டு வளையத்தையும் மாட்டுங்கள். கூடவே கனமான சங்கிலி ஒன்றால் டிரெய்லரையும் டிராக்டரையும் சேர்த்துப் பிணைத்துவிட்டால், பின் போனாலும் டிரெய்லர் போகாது.

பாரத்தைக் கட்டவேண்டிய இடம் கொக்கிதான். சேற்றில் சிக்கின டிரெய்லரை இழுக்கவேண்டும் என்று பின் அச்சிலோ, மேலே இருக்கிற டாப் லிங்கிலோ சங்கிலி கட்டி இழுக்காதீர்கள். கட்டுகிற இடம் எவ்வளவு உயரமோ, அவ்வளவு சுலபமாக டிராக்டரின் மூக்குத் தூக்கும். முன்பக்கம் எழும்பிப் பின்னாலே கவிழ்வதற்கு இரண்டு விநாடி போதும். குதித்துத் தப்பிக்க நேரம் இருக்காது. சேற்றில் மாட்டிக்கொண்டால், பாரத்தைப் பாதி இறக்கிவிட்டு இழுப்பதுதான் புத்திசாலித்தனம். இறக்கி ஏற்றக் கூலி ஆகுமே என்று பார்க்கக்கூடாது.

வாய்க்கால் கரையில் போகும்போது, டிராக்டர் போன தடத்தில் டிரெய்லர் போகாது, வளைவில் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்பதை நினைவில் வையுங்கள். பள்ளம் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு தூரமாவது அதன் ஓரத்திலிருந்து தள்ளி ஓட்டவேண்டும். ஆறடி ஆழ வாய்க்கால் என்றால் ஆறடி தள்ளி. அவ்வளவு அகலம் இல்லாத கரையில் பாரவண்டி போகாமல் இருப்பதே நல்லது.

இரவிலே…

இரவில் பழுதாகி ரோட்டோரம் நிற்கிற கரும்பு டிரெய்லர், பின்னாலே வருகிற மோட்டார் சைக்கிள்காரனுக்குக் கண்ணில் படாது. கரும்புத் தோகை தொங்கி, விளக்கு இருந்தாலும் மறைத்துவிடும். டிரெய்லரின் பின்பக்கம் இரண்டு மூலையிலும் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டுங்கள். பின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். தோகை மறைக்காதபடி கட்டுங்கள். இதற்கு ஆகிற செலவு மிகக் குறைவு. பழுதாகி நின்றால், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை, வண்டியை எடுக்கும்போது கட்டாயம் ஓரமாகத் தூக்கிப் போடுங்கள். ரோட்டில் விட்டுப்போன கல் அடுத்து வருகிறவனுக்கு எமன்.

பாரம் ஏற்றுங்கள், ஆட்களை ஏற்றாதீர்கள்

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். நாற்று நடப் போகிற பெண்களை, கோயில் திருவிழாவுக்குப் போகிற சொந்தக்காரர்களை, கல்யாணக் கோஷ்டியை எல்லாம் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிற பழக்கம் நாடு முழுக்க இருக்கிறது. “வா அத்தை, ஏறிக்கோ, நாமதானே போறோம்” என்று பிரியமாகத்தான் கூப்பிடுகிறோம். ஆனால் உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் பக்கம், 2022 அக்டோபர் 1-ம் தேதி, கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரி 24-ம் தேதி, அதே மாநிலத்தில் காஸ்கஞ்ச் மாவட்டத்தில், கங்கையில் நீராடப் போனவர்களின் டிரெய்லர் குளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

மூட்டை விழுந்தால் நெல் சிந்தும், அள்ளிக்கொள்ளலாம். டிரெய்லரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பிடிமானம் கிடையாது. கவிழ்ந்தால் பெட்டிக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ளுவார்கள். டிரெய்லர் சரக்குக்காகப் பதிவானது. ஆளை ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி ஈடு கொடுக்க மறுத்துவிடலாம். அப்போது நஷ்ட ஈடு முழுவதும் வண்டிக்காரர் தலையில் விழும், நிலத்தை விற்றாலும் அடைக்கமுடியாது. டிராக்டரிலும் டிரைவருக்கு ஒரு சீட்டுத்தான் இருக்கிறது. மட்கார்டில் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டுவது, பின்சக்கரத்துக்கு அடியில் வைப்பதற்குச் சமம்.

கிளம்புவதற்கு முன்னாலே

சொன்னதை எல்லாம் சுருக்கிச் சொல்லுகிறேன். சாவி போடுமுன் வண்டியை ஒருதரம் சுற்றி வாருங்கள்.

1. இரண்டு பிரேக் பெடலும் கொண்டி போட்டுச் சேர்ந்திருக்கிறதா?
2. கொக்கியில் சரியான பின், பூட்டு வளையம், சங்கிலி இருக்கிறதா?
3. டிரெய்லரின் இரண்டு பக்க டயரிலும் காற்று சமமாக, டயரில் எழுதியிருக்கிற அளவில் இருக்கிறதா?
4. பாரம் அச்சுக்கு நேரே, கொஞ்சம் முன்னாலே சாய்ந்து, தாழ்வாக இருக்கிறதா? கயிறு இறுகக் கட்டியிருக்கிறதா?
5. பின் விளக்கும் சிவப்புப் பட்டையும் தெரிகிறதா?
6. வழியில் இறக்கம் எங்கே, வளைவு எங்கே, எங்கே கியர் மாற்றவேண்டும் என்று டிரைவருக்குத் தெரியுமா?
7. டிரெய்லரில் யாராவது ஏறி உட்கார்ந்திருக்கிறார்களா?

ஐந்து நிமிஷ வேலைதான். டிராக்டர் சொந்தக்காரர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. “எத்தனை நடை அடிச்சே?” என்று மட்டும் டிரைவரைக் கேட்காதீர்கள். “பிரேக் எப்படி இருக்குப்பா?” என்றும் தினமும் கேளுங்கள். ஒரு நாள் இரண்டு டன் குறைவாக ஏற்றி இன்னொரு நடை போனால், டீசலும் அரை நாளும்தான் செலவு. எட்டு டன் ஏற்றி ஒரு நடையிலே முடித்துவிடலாம் என்று கிளம்பினால், அந்த நடை முடியாமலே போகக்கூடும்.

வண்டி இழுக்குமா என்று பார்த்து ஏற்றாதீர்கள். நிற்குமா என்று பார்த்து ஏற்றுங்கள்.